ரொட்டிக்கடை அடுப்பில் வைத்த கசரோல்

இந்தச் சிங்கப்பூருக்கு வந்த புதிதில் என்னை முதலில் திகைக்க வைத்தது ரொட்டிதான். சிராங்கூன் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் நாங்கள் மாடி அறை ஒன்றில் குடியேறியிருந்தோம். சந்தின் முனையில் ஒரு ரொட்டிக்கடை. காலையில் பால் வாங்கப் போகும்போது பார்ப்பேன். அடுப்பிலிருந்து வந்த ரொட்டியை நீளக் கத்தியால் நாலு பக்கமும் செதுக்கி, சிவந்த மேல்தோலையெல்லாம் கூடையில் தள்ளிவிட்டு, உள்ளே இருக்கிற வெள்ளைப் பஞ்சை மட்டும் விற்பார்கள். சனங்களும் அதை வாங்கிப்போய்த் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்துக் கிண்டிய காயாவைத் தடவிச் சாப்பிட்டார்கள். நான் அதற்கு முன் பத்து வருடம் சைகோனில் இருந்தவள். அங்கே நீள ரொட்டியின் முனைத்தோலுக்காக எனக்கும் என் கணவருக்கும் தினம் சண்டை நடக்கும். எந்தத் தேசத்தில் எதைத் தின்கிறார்கள் என்பதை விட, எதைக் கழித்துக் கூடையில் போடுகிறார்கள் என்பதைப் பார்த்தால்தான் ஊர் புரியும் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இது அற்ப விஷயமாகத் தோன்றலாம். கடல் தாண்டி வந்தவர்களுக்குத் தோன்றாது.

நான்காம் நாள் கூச்சத்தை விட்டு, அந்தத் தோலைக் கொஞ்சம் தர முடியுமா என்று கேட்டேன். கடைக்காரர் ஐம்பது வயதுக்காரர், வெள்ளைத் தொப்பி, கைலி, முழங்கை வரை மாவு. எத்தனை கோழி வளர்க்கிறீர்கள் என்று விசாரித்தார். கோழி இல்லை, கறிக்கு மேலே தூவ என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மறுநாள் தோலோடு கூட ஒரு முழு ரொட்டியையும் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்துவிட்டு, காசு வேண்டாம் என்று சைகை காட்டினார். வீட்டில் சாப்பாட்டுக்கு வழியில்லாதவள் என்று நினைத்துவிட்டார்! எனக்கு முகம் எரிந்தது. ரொட்டியைப் பலகையின் மேல் வைத்துவிட்டு, நான் காரைக்கால்காரி, என் வீட்டுக்காரர் சைகோனில் சுங்கத்தில் வேலை பார்த்தவர், பிச்சைக்கு வரவில்லை என்று படபடவென்று சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "காரைக்காலா? நான் நாகூரு" என்றார். அவ்வளவுதான், சண்டை தீர்ந்துபோனது. எங்கள் இரண்டு ஊருக்கும் நடுவில் வாஞ்சூர்ச் சாவடி ஒன்றுதான். சாவடிக்கு இந்தப் பக்கம் ஆண்டவன் பிரெஞ்சுக்காரன், அந்தப் பக்கம் ஆண்டவன் ஆங்கிலேயன், இரண்டு பக்கமும் அதே மீன், அதே உப்புக்காற்று. அவர் பெயர் மஸ்தான். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அண்ணனை அழைப்பதுபோல நானும் நானா என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவர் எனக்குத் தங்கச்சி என்று பெயர் வைத்தார்.

கறி என்று சொன்னேனே, அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். சைகோனில் என் கணவருடைய மேலதிகாரியின் மனைவிக்கு நான் துணி தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் அந்த மதாமின் சமையலறையில்தான் என் தையல் இயந்திரம் இருக்கும். அவள் ஒரு கனத்த இரும்புச் சட்டியில் இறைச்சியைப் பெரிய துண்டுகளாகப் போட்டு, கொழுப்பில் சிவக்கப் புரட்டி, வெங்காயம், காரட், பூண்டு, பிரிஞ்சி இலை, முதல்நாள் ஊறவைத்த வெள்ளை பீன்ஸ் எல்லாம் சேர்த்து, சிவப்பு ஒயினைத் தளரத் தளர ஊற்றி, ரொட்டித்தோலைப் பொடித்து மேலே தூவி, மூடிவைப்பாள். பிறகு அதைத் தெருமுனை ரொட்டிக்கடைக்குக் கொடுத்தனுப்புவாள். ரொட்டி சுட்டு முடித்த அடுப்பின் மிச்சச் சூட்டிலேயே நாலைந்து மணி நேரம் கிடந்து அது பதமாகிவிடும். அவளுடைய ஊரில் ஏழை வீட்டுப் பெண்களெல்லாம் அப்படித்தான் செய்வார்களாம். அந்தக் கறிக்கு அவள் ஏதோ நீளமான பெயர் சொன்னாள். எங்கள் வாய்க்கு அது வரவில்லை. சட்டியின் பெயரையே கறிக்கும் வைத்து, கசரோல் என்றோம். நான் அதில் நம் ஊர்த் தாளிப்பு வடவத்தில் ஒரு சிட்டிகை உதிர்த்துப் போடுவேன். பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டியபோது மதாம் அந்தச் சட்டியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். நாங்களும் மூட்டை கட்டினோம். காரைக்கால் அதற்குள் இந்தியாவின் கைக்கு மாறிவிட்டிருந்தது. அங்கே போய் என்ன வேலை பார்ப்பது என்று தெரியவில்லை. என் கணவர் சவரிமுத்துவுக்குச் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஒரு கிடங்குக் கணக்கர் வேலை கிடைத்தது. கப்பல் ஏறி வந்தபோது துணிமணியை விட அந்தச் சட்டிதான் கனமாக இருந்தது.

இங்கே எங்கள் மாடியில் நாலு குடித்தனம், ஒரே சமையலறை. அடுத்த அறையில் மன்னார்குடிப் பக்கத்துப் பாக்கியம். தங்கமான மனுஷி, ஆனால் மாட்டிறைச்சி வாசம் பட்டால் தலைமுழுகிவிடுவாள். அவள் மனம் நோகக் கூடாது என்று நான் மாட்டை விட்டு ஆட்டுக்கு மாறினேன். தேக்கா சந்தையில் முஸ்லிம் கடையில் தோள்கறி வாங்குவேன். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஊரோடு ஒத்து வாழத் தெரிந்தவள் நான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஆனால் பொதுச் சமையலறையில் கரி அடுப்பை ஐந்து மணி நேரம் பிடித்துக்கொண்டு உட்கார முடியாது. "அக்கா, நீங்க ஒரு சட்டி ஏத்துனா எங்க வீட்டுல ராச்சாப்பாடே கெடையாது லா" என்று பாக்கியம் சிரித்துக்கொண்டே சொன்னாள், சிரிப்புக்குள் உண்மை இருந்தது. அப்போதுதான் நானாவின் அடுப்பு நினைவுக்கு வந்தது. போய்க் கேட்டேன். உங்கள் அடுப்பில் என் சட்டியை வைக்க முடியுமா என்றதும், வேலை கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டு பெண்களை வேலைக்கு வைப்பதில்லை என்றார். பிறகு ரொட்டி சுடக் கற்றுக்கொள்ளக் கேட்கிறேன் என்று நினைத்தார். கடைசியில் விஷயம் புரிந்ததும் வயிறு குலுங்கச் சிரித்தார். மத்தியான ரொட்டி இறங்கிய பிறகு அடுப்பு சும்மாதானே கிடக்கிறது, கொண்டு வா என்றார்.

அப்படி ஆரம்பித்தது ஐம்பத்தெட்டில். சனிக்கிழமை இரண்டு மணிக்குச் சட்டியைச் சாக்கில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு சந்தில் நடப்பேன். எதிரே வருகிறவர்கள் கோயிலுக்குப் பொங்கலா என்று கேட்பார்கள். நானா ரொட்டி மாவில் ஒரு கயிறு திரித்து, சட்டிக்கும் மூடிக்கும் இடையில் சுற்றி அமுக்கி ஒட்டுவார். ஆவி ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்பதில் என்னை விட அவருக்குத்தான் கவனம். நீள மரத்துடுப்பால் சட்டியை உள்ளே தள்ளிவிடுவார். ஆறு மணிக்குப் போனால் வெளியே எடுத்து வைத்திருப்பார். மாவை உடைத்து மூடியைத் திறந்து, முதல் கிண்ணம் அவருக்கு. அடுப்புக்குக் கூலி வாங்க மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டதால் அது என் முறை. நாகூரில் மனைவியையும் மகள்களையும் விட்டுவிட்டு இருபது வருடமாகத் தனியே பொங்கித் தின்கிற மனிதர் அவர். ரொட்டியைப் பிய்த்துத் தோய்த்து, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவார். இந்தப் புளிப்பு எங்கிருந்து வருகிறது என்று ஒரு தடவை கேட்டார். திராட்சையிலிருந்து எடுக்கிறது நானா என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

நான் சொன்னது பொய்யில்லை. உண்மையும் இல்லை. அன்றைக்கு எனக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? எங்கள் வீட்டில் சாராயம் என்றால் வேறு. அது வாசற்படி ஏறக் கூடாதது. ஒயின் என்பது காடிப்போத்தலுக்கும் எண்ணெய்ப் போத்தலுக்கும் நடுவில் நிற்கிற சமையல் சாமான், பூசையில் சாமியார் கையில் இருப்பதும் அதுதான். துறைமுகத்தில் பிரெஞ்சுக் கப்பல் சமையல்காரர்களிடம் சொல்லி என் கணவர் மாதம் ஒரு போத்தல் கொண்டுவருவார். பாக்கியத்துக்காக மாட்டை ஒதுக்கியவளுக்கு, முஸ்லிம் கடையில் பார்த்துப் பார்த்து இறைச்சி வாங்கியவளுக்கு, சட்டிக்குள் ஊற்றுவது என்ன என்று ஒருநாளும் உறைக்கவில்லை. சமையலறைக்குள் எப்போதும் இருக்கிற பொருள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

அதே வருடக் கடைசியில் என் கணவருக்கு நெஞ்சில் சளி கட்டி, மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பினார். உயிர் மீண்டது, பசி மீளவில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவார். கஞ்சி, முட்டை, ஆட்டுக்கால் சாறு எதுவும் இரண்டு வாய்க்கு மேல் போகாது. உடம்பு தேறினால்தான் மறுபடியும் நோய் வராது, எப்படியாவது சாப்பிட வையுங்கள் என்று டாக்டர் என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவர் சாப்பிட்டது ஒன்றே ஒன்று, நானாவின் அடுப்பிலிருந்து வந்த கசரோல். ஞாயிறு பூசை முடிந்து வந்து உட்கார்ந்தால் ஒரு தட்டு முழுக்கச் சாப்பிடுவார். மிச்சத்தைத் திங்கள், செவ்வாய் வரைக்கும் சுடவைத்துப் போடுவேன். பிள்ளை இல்லாத வீடு எங்களுடையது. அந்த ஒரு தட்டு காலியாவதைப் பார்ப்பதுதான் எனக்கு வாரம் முழுவதற்கும் சம்பளம். ஞாயிறு மத்தியானங்களில் நானாவும் வருவார். இரண்டு பேரும் சன்னலோரம் உட்கார்ந்து, வாஞ்சூர்ச் சாவடியில் யார் எதைக் கடத்தினார்கள் என்று பழங்கதை பேசுவார்கள். கணவர் சிரித்தால் இருமல் வரும், இருந்தாலும் சிரிப்பார். நானாவின் தட்டில் நானே இன்னொரு கரண்டி வைப்பேன்.

அறுபதாம் வருடம் எங்கள் தவக்காலமும் அவர்களுடைய நோன்பு மாதமும் சேர்ந்தாற்போல் வந்தன. கடையில் அவரோடு சேர்த்து எட்டுப் பேர் நோன்பிருந்தார்கள். ஒருநாள் நானா இறைச்சியைத் தானே வாங்கிக்கொண்டு மாடி ஏறி வந்தார். பையன்களிடம் உன் கறியைப் பற்றிச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது, நாளைக்கு நோன்பு திறக்க நீ செய்து தர வேண்டும் என்றார். சந்தோஷமாகச் சரி என்றேன். மறுநாள் இறைச்சியைச் சிவக்கப் புரட்டிவிட்டு, போத்தலை எடுத்துத் தக்கையைப் பிடுங்கி, சட்டிக்கு மேலே சாய்க்கப் போனேன். எட்டுப் பேர் விடிந்ததிலிருந்து எச்சில்கூட விழுங்காமல் இதற்காகக் காத்திருக்கிறார்கள் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. கை அப்படியே நின்றுவிட்டது. கண்ணுக்கு முன்னால் இருந்த போத்தலை அன்றைக்குத்தான் முதல்தடவை பார்த்தேன். இரண்டு வருடச் சனிக்கிழமைகள் மொத்தமும் நெஞ்சில் வந்து உட்கார்ந்தன. போத்தலை மூடி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பாக்கியம் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தாள். பிறகு எழுந்து, வேறொரு சட்டியைத் தேய்த்துக் கழுவி, இறைச்சியை அதற்கு மாற்றி, புளித்தண்ணீரும் காடியும் கொஞ்சம் வெல்லமும் ஊற்றி ஏதோ ஒன்றைச் செய்து கொடுத்தனுப்பினேன்.

அன்று மாலை கணவரிடம் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அவர் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு மொத நாளே தெரியும், ரோசாலி" என்றார். சுங்கத்தில் அவரோடு காரைக்கால் முஸ்லிம்கள் நாலைந்து பேர் வேலை பார்த்தவர்கள். அவர்கள் எதைத் தொடுவார்கள், எதைத் தொட மாட்டார்கள் என்று அவருக்கு அத்துபடி. முதலில் சொல்லலாம் என்று இருந்தாராம், பிறகு அடுப்பு போய்விடுமே என்று விட்டுவிட்டாராம். நோயில் விழுந்த பிறகு சொல்லவே வாய் வரவில்லையாம். தெரியாமல் செய்ததற்குப் பாவமில்லை, இனிமேல் சொல்லாதே, சொன்னால் அவருக்குத்தான் பாரம் என்றார். எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. சன்னலோரம் உட்கார்ந்து அந்த மனிதரோடு சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டு, அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். நான் அறியாமல் செய்தேன், இவர் அறிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நோயாளியிடம் கத்த முடியாது. பேச்சைக் குறைத்துக்கொண்டேன். மருந்து, தண்ணீர், துணி, அவ்வளவுதான் பேச்சு.

மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்து பார்த்தேன். சாமியார் எனக்குச் செபம் கொடுத்தார், மனம் ஆறவில்லை. செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு, நான் தவறான இடத்தில் வந்து மன்னிப்புக் கேட்கிறேன் என்று நினைத்தேன். அந்த வாரமே நானா என்னைச் சந்தில் நிறுத்தினார். அன்றைக்குச் செய்தது நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அந்தப் பழைய ருசி இல்லை, பெருநாளைக்கு எப்போதும் செய்வதுபோலவே செய்து தா என்றார். இதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியில்லை. கடைக்குள் போய், வேலைக்காரர்கள் இல்லாத மூலையில் நின்று சொன்னேன். "எப்பவும் போல செய்ய முடியாது நானா. அதுல நான் ஒயின் ஊத்துவேன். இந்த ரெண்டு வருஷமும் ஊத்தியிருக்கேன். அது உங்களுக்கு ஆகாதுன்னு எனக்குத் தோணவே இல்ல."

அவர் பலகையில் கிடந்த மாவை உள்ளங்கையால் ஓரமாகக் கூட்டினார். கூட்டியதையே திரும்பவும் கூட்டினார். அவர் என்னை அடித்திருந்தால் தேவலை போலிருந்தது. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சவரி அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாது நானா" என்றேன். ஒரு பாவத்தைச் சொல்ல வந்த இடத்தில் இன்னொன்றைச் செய்தேன். சன்னலோரத்து அந்த இரண்டு நாற்காலிகளின் சிநேகமாவது மிஞ்சட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன். அவர் தலையைத் தூக்காமலே, "சனிக்கிழமை இனி கொண்டு வராத, தங்கச்சி" என்றார்.

மறுநாள் ரொட்டிக்கடையில் ரொட்டி இல்லை. காலையிலிருந்து அடுப்பு வெறுமனே எரிந்துகொண்டிருந்தது. அடுப்புத் தளத்தில் ஏதோ பழுது, சூடேற்றிப் பார்க்கிறோம் என்று வாடிக்கைக்காரர்களுக்குச் சொன்னார்களாம். என் சட்டி கிடந்த அடுப்பை நெருப்பாலேயே துப்புரவாக்குகிறார் என்று எனக்குத் தெரிந்தது, மாடிச் சன்னலிலிருந்து புகைபோக்கியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பள்ளிவாசல் ஆலிமிடம் போய்க் கேட்டார் என்றும், தெரியாமல் சாப்பிட்டவன் மேல் குற்றமில்லை என்று ஆலிம் சொன்னார் என்றும் பிறகு தெரிந்துகொண்டேன். யார் கொடுத்தது என்று அவர் அங்கேயும் சொல்லவில்லை, எங்கேயும் சொல்லவில்லை. சந்தில் ஒருவர்கூட என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை. அந்த மரியாதைதான் எனக்குத் தாங்கவில்லை. அதன் பிறகு நான் அந்தச் சந்து முனையையே தவிர்த்தேன். பால் வாங்கவும், சந்தைக்குப் போகவும், கோயிலுக்குப் போகவும் பின்பக்கச் சாக்கடை ஓரமாகச் சுற்றிக்கொண்டு போனேன்.

சட்டியைக் கரி அடுப்பில் ஏற்றிப் பார்த்தேன். பாக்கியம் பாவம், தன் முறையையும் விட்டுக்கொடுத்தாள். ஆனால் அடி பிடித்தது, மேலே வேகவில்லை, பீன்ஸ் கல்லாகக் கிடந்தது. என் கணவர் முதலில் ஐந்து வாய் சாப்பிட்டார், பிறகு மூன்று, பிறகு கரண்டியால் ஓரத்தைக் கிளறிவிட்டுத் தட்டைத் தள்ளினார். நன்றாக இல்லை என்று ஒருநாளும் சொல்லவில்லை. மே மாதம் மறுபடி ஆஸ்பத்திரி. நான் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுப் போகிற நேரம் பார்த்து நானா வந்து அவரைக் கண்டுவிட்டுப் போவார் என்று தாதி சொன்னாள். எனக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, என் பொய் வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஜூன் கடைசியில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஜூலை முழுக்கச் சன்னலோரம் சாய்ந்து கிடந்தார். ஆகஸ்டில் ஒரு பிற்பகலில் போய்விட்டார். பிடாதாரிக் கல்லறைத் தோட்டத்தில் கிறிஸ்தவர் பக்கம் அடக்கம் செய்தோம். நானா கடைசி வரிசையில் நின்றிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து நான் திரும்பி வந்தபோது, அவர் மாடிப்படியின் கீழே நின்றுகொண்டிருந்தார். மேலே வரச் சொன்னேன், வந்து நாற்காலியில் உட்காராமல் சுவரோரம் நின்றார். "அண்ணன் ஆஸ்பத்திரியில எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாரு. மொத நாள்லேர்ந்து தெரியும்னு சொல்லி, கையப் புடிச்சிக்கிட்டு அழுதாரு" என்றார். என் பொய் அன்றைக்கே செத்துப்போயிருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் நிறுத்தவில்லை. "அது ஊத்தாம செஞ்சு, சனிக்கிழமை கொண்டு வரட்டும்னு அப்பவே அவருகிட்டச் சொன்னேன். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை அடுப்புல எடம் விட்டு வச்சிருந்தேன் தங்கச்சி. நீதான் வரல."

என் வீட்டுக்காரர் என்னிடம் சொல்லவே இல்லை என்றேன். அதற்கு நானா சொன்னதை நான் இங்கே சுருக்கித்தான் எழுத முடியும். என் கணவர் அவரிடம், இவள் என் மேல் கோபமாக இருக்கிறாள், கோபம் ஆறித் தானாக வரட்டும், நான் சொன்னால் மறுபடியும் என் வயிற்றுக்காகக் கேட்கிறதுபோல் ஆகிவிடும் என்றாராம். நீங்களாவது வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். வராதே என்று சொன்ன வாயால் எப்படி வந்து கூப்பிடுவது என்று அவர் தரையைப் பார்த்தார். நான் பின்பக்கச் சாக்கடை ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். நானா அடுப்பில் இடம் விட்டுக்கொண்டிருந்தார். என் கணவர் சன்னலோரம் சாய்ந்து காத்துக்கொண்டிருந்தார். ஜூலையில் அவருக்கு இன்னும் கொஞ்சம் விழுங்க முடிந்தது. அதைத்தான் என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. மூன்று பேருடைய ரோஷத்துக்கு நடுவில் ஒரு மனிதன் பசியோடு போனான். உயிர் பிழைத்திருப்பார் என்று சொல்லவில்லை, டாக்டரே கையை விரித்துவிட்டார். நாலு சனிக்கிழமை வயிறார உண்டிருப்பார், அதைத்தான் சொல்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை சட்டியைத் தேய்த்துக் கழுவித் தூக்கிக்கொண்டு முன்பக்கமாகவே போனேன். ஒயின் இல்லை, புளியும் காடியும் வெல்லமும்தான். நானா மாவு ஒட்டினார். சட்டியைத் துடுப்பால் உள்ளே தள்ளினார். அதிலிருந்து ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. செய்யச் செய்ய அந்தப் புதுக் கைப்பக்குவமும் பழகிவிட்டது, கடையில் எட்டுப் பேரும் ஆறு மணிக்கு வட்டமாக உட்கார்ந்து அதற்காகக் காத்திருப்பார்கள், நானும் அவர்களோடு ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு வருவேன். ஆனால் வருடத்தில் ஒருநாள், நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று, காலையில் பிடாதாரிக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து, வீட்டில் ஒரு சின்னப் பாத்திரத்தில் பழைய முறைப்படி ஒயின் ஊற்றிச் செய்வேன். எங்கள் வீடுகளில் இறந்தவர்களுக்கு அன்று மாலை விளக்கேற்றி, பிடித்ததைப் படைத்து, வீட்டார் கூட உட்கார்ந்து உண்பது வழக்கம். அவருக்குப் பிடித்தது அது ஒன்றுதான். வீட்டார் என்று இருப்பது நான் ஒருத்திதான்.

அறுபத்து மூன்றில் அந்த நாள் சனிக்கிழமையில் வந்து விழுந்தது. அந்த செப்டம்பரில்தான் இந்த ஊர் மலேசியாவோடு சேர்ந்திருந்தது, தெருவில் இன்னும் தோரணங்கள் பாக்கி இருந்தன. என் குடியுரிமைத் தாளில் பிரெஞ்சு என்று எழுதியிருந்தது, பிறந்த ஊர் இந்தியாவில் இருந்தது. காலையிலிருந்து இரண்டு சமையல். ஒன்று இரண்டு மணிக்கு நானாவின் அடுப்புக்குப் போனது. இன்னொன்று மாடியில் கரி அடுப்பில் நாள் முழுக்கக் காவல் காத்து வேகவைத்தது, இந்தத் தடவை அடி பிடிக்காமல் வந்திருந்தது. ஆறு மணிக்கு என் கணவர் படத்துக்கு முன்னால் விளக்கை ஏற்றி, வாழையிலை போட்டு, பரிமாறிவிட்டு நிமிர்ந்தேன். கீழே சந்தில், கசரோல் எடுத்தாச்சு, எல்லாரும் காத்திருக்கிறோம் என்று நானா குரல் கொடுத்தார். விளக்கை அணையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி பாக்கியத்தை உட்கார வைத்துவிட்டுப் போகலாம், ஆனால் படைத்ததை உண்ணாமல் எழக் கூடாது. உண்டுவிட்டுப் போகலாம், ஆனால் இதை உண்ட வாயோடு போய் அவர்களுடைய கிண்ணத்தில் எப்படிக் கை வைப்பது. இதோ வர்றேன் நானா என்று சன்னலிலிருந்து சொன்னேன். சொல்லிவிட்டு இலைக்கு முன்னால் வந்து நின்றேன், உட்காரவில்லை. படிக்கட்டுக்குப் போய் இரண்டு படி இறங்கினேன், அங்கேயே நின்றேன். மேலே இலையில் சூடு ஆறிக்கொண்டிருந்தது, கீழே எட்டுப் பேர் ரொட்டியைப் பிய்க்காமல் எனக்காக உட்கார்ந்திருந்தார்கள்.